கைமாறி வந்த பழைய ரிவால்வர்: அடையாளம் காண்பதும் பராமரிப்பதும்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி விற்கும் கடைக்கு முதன்முறை போகிறவர் கண்ணில் அநேகமாக முதலில் படுவது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ ரிவால்வராகத்தான் இருக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1899இல் தொடங்கிய வரிசை இது. 1957இல் ‘மாடல் 10’ என்று பெயர் மாறியது. மொத்தத்தில் 60 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. காவல்துறை கழித்துவிட்டவை, போருக்குப் போய்த் திரும்பியவை, தாத்தா காலமான பிறகு அலமாரியில் அகப்பட்டவை எல்லாம் கலந்துதான் சந்தைக்கு வருகின்றன. புதிதாக ஆர்வம் வந்தவர் பழகிக்கொள்ள இதைவிடத் தோதான ரிவால்வர் இல்லை என்பது என் எண்ணம். அரிய பொருளும் அல்ல, உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒன்றை வைத்தே போகிறது.

பழைய ரிவால்வர்கள் கெடுவது பெரும்பாலும் புதிய உரிமையாளரின் அவசரத்தால்தான். அது எந்தக் காலத்தது, எந்தத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ளும் முன்பே எண்ணெய்ப் புட்டியும் திருப்புளியுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் படிக்க வேண்டும். துடைப்பது, கழற்றுவது எல்லாம் அப்புறம்.

கையில் வாங்கியதும்

விற்பவர் “காலியாகத்தான் இருக்கிறது” என்று சொல்லியே கொடுப்பார். அதை நம்பக் கூடாது. குழலை யார் பக்கமும் திருப்பாமல், விரல் விசையில் படாமல் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் இருக்கும் சிறிய தாழை முன்னோக்கித் தள்ளினால், தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டர் வெளியே சாயும். ஆறு அறைகளையும் கண்ணால் பார்க்க வேண்டும். வெளிச்சம் போதவில்லை என்றால் விரல்நுனியால் தொட்டும் பார்க்க வேண்டும். தாழைப் பின்னுக்கு இழுத்தால்தான் திறக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கோல்ட் நிறுவனத்து ரிவால்வர். கோல்ட்டின் சிலிண்டர் வலஞ்சுழியாகச் சுற்றும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுடையது இடஞ்சுழியாக.

திறந்ததை மூடும்போது சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டை வெட்டி ‘டக்’கென்று மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கி நிற்கும் வளைந்த கைக்கு ‘யோக்’ என்று பெயர். அந்த வெட்டில் அது கொஞ்சங்கொஞ்சமாக வளையும். வளைந்த யோக்கைச் சரிசெய்ய ஆகும் செலவில் சில சமயம் இன்னொரு ரிவால்வரே வாங்கிவிடலாம். கடையில் யாராவது அப்படி மூடிக் காட்டினால், அந்தக் கடைச் சரக்கு எப்படிக் கையாளப்படுகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

எண் எங்கே இருக்கிறது

யோக்கைத் திறந்ததும் சட்டகத்தின் உட்பக்கம் ஓர் எண் தெரியும். புதியவர்கள் அதைத்தான் வரிசை எண் என்று எழுதி வைத்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்குகிறார்கள். தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும்போது ஒன்றோடொன்று மாறிவிடாமல் இருக்கப் போட்ட எண் அது. 1957க்கு முந்தைய ரிவால்வர்களில் உண்மையான வரிசை எண்ணைக் கைப்பிடியின் அடிப்பாகத்தில் தேட வேண்டும். அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடியில், சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பி படிந்திருக்கும் தட்டைப் பகுதியிலும் இருக்க வேண்டும். வலப்பக்கக் கைப்பிடிப் பலகையைக் கழற்றினால் உள்ளேயும் பல நேரம் கிடைக்கும். எல்லா இடத்திலும் ஒரே எண் என்றால், பிறந்ததிலிருந்து ஒன்றாகவே இருந்த பாகங்கள். குழலில் ஓர் எண், சிலிண்டரில் வேறோர் எண் என்றால் எங்கோ ஒரு பட்டறையில் கலந்திருக்கிறது. அதனால் சுட முடியாது என்றில்லை, ஆனால் சேகரிப்பாளர் கொடுக்கும் விலையைக் கேட்கக் கூடாது.

எண்ணுக்கு முன்னால் எழுத்து இருக்கிறதா என்பதுதான் காலத்தைச் சொல்லும் முதல் குறிப்பு. வெறும் எண் என்றால் 1942க்கு முந்தையது. அந்த ஆண்டு எண்கள் பத்து லட்சத்தைத் தொட்டதும் ‘வி’ என்ற எழுத்தோடு புதிய வரிசை தொடங்கியது. வெற்றியைக் குறிக்கும் ‘விக்டரி’ மாடல் அதுதான். போருக்குப் பிறகு ‘எஸ்’, 1948இலிருந்து ‘சி’. 1957க்குப் பிறகு செய்யப்பட்டதில் யோக் பொருந்தும் இடத்தில் மாடல் எண்ணே பொறிக்கப்பட்டிருக்கும்.

திருகாணிகளை எண்ணியும் ஓரளவு காலம் சொல்லலாம். வலப்பக்க மூடித் தகட்டில் நான்கு, விசைக் காப்பு வளையத்துக்கு முன்னால் ஒன்று என்று ஐந்து இருந்தால் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தையது. தகட்டின் மேல் திருகாணி முதலில் போனது, 1960களின் தொடக்கத்தில் முன்னால் இருந்ததும் போனது. கைப்பிடிப் பலகைக்கு அடியில் ஒரு திருகாணி ஒளிந்திருக்கும், அதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்து சரக்கு எண் வரிசைப்படி வெளியேறியதில்லை. ஆகவே எண்ணை வைத்து இன்ன மாதம் என்று சொல்பவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். எந்த நாளில், எந்த ஊர்க் கடைக்கு, எத்தனை அங்குலக் குழலோடு, எந்தப் பூச்சோடு அனுப்பப்பட்டது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால், நிறுவனத்தின் பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கட்டணத்துக்கு எழுதித் தரும் கடிதம் ஒன்று உண்டு. சாதாரண ரிவால்வருக்கு அந்தச் செலவு வீண். போர்க்கால முத்திரையோ, ஏதாவது காவல்துறையின் பெயரோ இருந்தால் கேட்டு வாங்கலாம்.

இரண்டு .38கள்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். விரலுக்கே ஆபத்து வரக்கூடிய இடம் இது.

.38 என்ற பெயரில் இந்த ரிவால்வர் இரண்டு தோட்டாக்களுக்குச் செய்யப்பட்டது. அமெரிக்கர்கள் பயன்படுத்தியது .38 ஸ்பெஷல். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கும் அதன் காமன்வெல்த் நாடுகளுக்கும் போன 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவால்வர்கள் .38 எஸ் அண்ட் டபிள்யூ என்ற வேறொரு தோட்டாவுக்கானவை. பிரிட்டிஷ் படை அதை .38/200 என்று அழைத்தது. ஸ்பெஷலின் பித்தளைக் கூடு 29.3 மி.மீ. நீளம். மற்றதன் கூடு 19.7 மி.மீ.தான், ஆனால் கொஞ்சம் பருத்தது. ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது.

குழலின் வலப்பக்கம் பொறித்திருப்பதைப் படித்தால் போதும்: ‘ஸ்பெஷல்’ என்ற சொல் இருந்தால் அமெரிக்க வகை, இல்லாவிட்டால் மற்றது. ஐந்து அங்குலக் குழல், பிரிட்டிஷ் சோதனை முத்திரைகள், ‘இங்கிலாந்தில் செய்யப்பட்டதல்ல’ என்று பொருள்படும் ஆங்கில வாசகம் எல்லாம் இருந்தால் அது போருக்குப் போய் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். போர் முடிந்ததும் இவை ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்குத் திரும்பி மலிவு விலைக்கு வந்தன. .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவை அங்கே கேட்பார் குறைவு. எனவே இறக்குமதியாளர்கள் அறைகளை உட்பக்கம் நீளமாகக் குடைந்து ஸ்பெஷல் நுழையும்படி செய்தார்கள், பல குழல்களை வெட்டிக் குட்டையாக்கினார்கள். நீளம் சரியாகிவிட்டது, ஆனால் அறையின் பின்பகுதி ஏற்கெனவே அகலம். அதில் ஸ்பெஷல் தோட்டாவைச் சுட்டால் கூடு பக்கவாட்டில் உப்பும், சில சமயம் நீளவாக்கில் பிளக்கும்.

இப்படி மாற்றப்பட்டவற்றில் உலகம் அறிந்த ஒன்று உண்டு. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் காவலர் ஜே. டி. டிப்பிட்டைச் சுட, அதே நாளில் அதிபர் கென்னடியைக் கொன்ற லீ ஹார்வி ஆஸ்வால்டு பயன்படுத்தியது, அஞ்சலில் வாங்கிய ஒரு விக்டரி. ஐந்து அங்குலக் குழல் இரண்டேகால் அங்குலமாக வெட்டப்பட்டு, அறைகள் ஸ்பெஷலுக்குக் குடையப்பட்டிருந்தன. குழல் அந்தக் குண்டைவிடச் சற்றே அகலம் என்பதால் குண்டுகளில் விழுந்த கீறல்கள் ஒன்றுபோல் இல்லை என்று எஃப்பிஐ நிபுணர், கென்னடி கொலையை விசாரித்த வாரன் ஆணையத்தின் முன் விளக்க வேண்டியிருந்தது. கண்காட்சியில் மேசைமேல் கிடக்கும் குட்டைக் குழல் விக்டரியைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது. குழலின் நுனி சரியாக வட்டமாக இல்லாமல் வெட்டியதுபோல் இருந்தாலோ, முன் குறிமுள் பிறகு ஒட்டவைத்ததுபோல் தெரிந்தாலோ சந்தேகப்படலாம். எதற்கும் ஒரு துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் அறைகளை அளந்து காட்டாமல் அதில் தோட்டா போட வேண்டாம். உண்மையான தோட்டாவை நுழைத்துப் பார்த்துச் சோதிப்பதும் வேண்டாம்.

ஸ்பெஷலிலேயே ‘பிளஸ் பி’ என்று அழுத்தம் கூடிய வகை இருக்கிறது. மாடல் எண் பொறிக்காத, அதாவது 1957க்கு முந்தைய ரிவால்வர்களுக்கு அது கூடாது. 1919 வாக்கில்தான் சிலிண்டர்களை வெப்பப் பதம் செய்யத் தொடங்கினார்கள். அதற்கும் முந்தையதைச் சுடாமல் வைத்து ரசிப்பதே மேல் என்பது என் கருத்து. சுட்டே ஆக வேண்டும் என்பவர்கள் மிதமான ஈயக் குண்டுத் தோட்டாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பளபளப்பில் ஏமாறாமல்

நீலப் பூச்சு அங்கங்கே தேய்ந்து, குழல் நுனியிலும் சிலிண்டர் விளிம்பிலும் வெள்ளி தெரிகிறது என்றால் அது உறையில் போட்டு எடுத்த தேய்மானம். அதில் தப்பில்லை. நூறு வயதுப் பொருள் நேற்று வாங்கியதுபோல் மின்னினால்தான் கேள்வி கேட்க வேண்டும். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியான ஹேமரையும் விசையையும் பாருங்கள். தொழிற்சாலையில் அவை பதப்படுத்தப்பட்டு, எண்ணெய் படிந்த தண்ணீரில் தெரிவதுபோல் நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்த திட்டுகளோடு வரும். அவையும் நீலமாகவோ நிக்கலாகவோ பூசப்பட்டிருந்தால் வெளியே யாரோ மறுபடி பூசியிருக்கிறார். திருகாணித் துளைகளின் விளிம்பு குழிந்திருப்பது, நிறுவன முத்திரையின் கோடுகள் மழுங்கியிருப்பது, மூடித் தகடு சேரும் கோடு தெளிவாகத் தெரிவது ஆகியவை பாலிஷ் சக்கரம் பட்டதன் அடையாளங்கள். நல்ல நிலையில் இருக்கும் அசலில் அந்தச் சேரும் கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விக்டரி விதிவிலக்கு. போர் அவசரத்தில் பாலிஷ் எதுவும் இல்லாமல் மங்கிய கருஞ்சாம்பல் நிறத்தில்தான் அனுப்பினார்கள், கைப்பிடியும் வரிவெட்டு இல்லாத வெறும் வால்நட் மரம். மின்னும் விக்டரி என்று யாராவது கொடுத்தால் பிற்பாடு மெருகேற்றியது.

வாங்கும் முன் இயக்கிப் பார்ப்பது

கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, மறுபடியும் காலியா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். ஹேமரைக் கட்டைவிரலால் மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுக்கும்போது, இன்னொரு விரலை சிலிண்டர் மேல் லேசாக உரசும்படி வைக்க வேண்டும். ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன்போ, நிற்கும் கணத்திலோ சிலிண்டர் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஓர் அறையில் பிந்தினாலும் சுழற்றும் பாகம் தேய்ந்திருக்கிறது. அந்த அறை குழலுக்கு நேராக நிற்காமல் சுட்டால் குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத்துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும்.

அடுத்து, ஹேமரை முழுதாக ஏற்றிவைத்து, விசையைத் தொடாமல் பின்னாலிருந்து கட்டைவிரலால் மிதமாகத் தள்ள வேண்டும். விழுந்துவிட்டால் உள்ளே யாரோ அரம் வைத்து விசையை இலகுவாக்கியிருக்கிறார். அதைக் கீழே வைத்துவிட்டு வேறு பார்க்கலாம்.

சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அளவுத் தகடு வைத்துப் பார்த்தால் 0.15 மி.மீ. அளவு நல்லது, 0.25ஐத் தாண்டினால் பேரம் பேச வேண்டிய குறை. சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அசைக்கும்போது இடுக்கு கண்ணுக்குத் தெரிய அகலமாவதும் குறுகுவதுமாக இருந்தால் அதிகம். குழலுக்குள் சிறு விளக்கு காட்டி, நடுவில் கருப்பு வளையம் எதுவும் தெரிகிறதா பாருங்கள். எப்போதோ ஒரு குண்டு உள்ளே மாட்டிக்கொண்டிருந்து, அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டதால் குழல் வீங்கிய இடம் அது. மற்றக் குறைகளுக்கு விலையைக் குறைக்கலாம். இதற்கு மட்டும் திரும்பி வந்துவிட வேண்டும்.

விசையை இழுத்தும் தோட்டா வெடிக்காவிட்டால் பல நேரம் காரணம் சிறியது. கைப்பிடியின் முன்பக்க அடியில் ஒரு திருகாணி உள்ளே இருக்கும் பெரிய வில்லை அழுத்திப் பிடித்திருக்கும். விசை இலேசாக இருக்கட்டும் என்று சிலர் அதைத் தளர்த்திவிடுவார்கள், பிறகு ஹேமருக்கு அடிக்கும் பலம் போய்விடும். அது முழுதாக இறுகியே இருக்க வேண்டும்.

கீழே விழுந்தால் வெடிக்குமா என்ற கேள்விக்கும் விடை காலத்தைப் பொறுத்ததுதான். 1944 இறுதியில் ஒரு கடற்படைக் கப்பலின் எஃகுத் தளத்தில் விழுந்த விக்டரி வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதன்பின் ஹேமரை இடைமறிக்கும் தடுப்புத் தகட்டை நிறுவனம் புதிதாக வடிவமைத்தது. அப்படிச் செய்த போர்க்கால ரிவால்வர்களின் எண்ணில் ‘வி’யோடு ‘எஸ்’ஸும் சேர்ந்திருக்கும். அதற்கு முந்தையவற்றில் ஹேமருக்கு நேரே ஓர் அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டும் போடுவதே வழக்கம். பிந்தையவற்றிலும் ஒரு சங்கடம் உண்டு: யாராவது கழற்றிப் பூட்டும்போது அந்தத் தகட்டை மறந்து மூடிவிட்டாலும் ரிவால்வர் வழக்கம்போல வேலை செய்யும். பட்டறையில் ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டால் நிம்மதி.

சுத்தம்

சுட்டு முடித்ததும் குழலையும் ஆறு அறைகளையும் கரைப்பான் தோய்த்த வெண்கலத் தூரிகையால் தேய்த்து, துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். முடிந்தவரை அறைகளின் பின்பக்கமிருந்து தூரிகையை நுழையுங்கள். ஈயம் அதிகம் படிவது குழலின் பின்வாயில், சிலிண்டரை எதிர்கொள்ளும் இடத்தில். பலரும் விட்டுவிடும் இடம், சிலிண்டரின் பின்னால் கூடுகளைத் தூக்கும் நட்சத்திர வடிவப் பாகமான எக்ஸ்ட்ராக்டரின் அடி. எரியாத மருந்துத் துகள் இரண்டு அங்கே ஒட்டிக்கொண்டால் போதும், சிலிண்டர் மூடவே அடம்பிடிக்கும். ரிவால்வரைக் குழல் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு எஜெக்டர் கம்பியை அழுத்தினால் துகள்கள் கீழே விழுந்துவிடும். சிலிண்டர் திடீரென்று திறக்க மறுத்தால் அந்தக் கம்பியே மரை கழன்று முன்னால் வந்திருக்கலாம். 1960ஐ ஒட்டி அதன் மரையை இடப்பக்கமாக மாற்றினார்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கும் உங்கள் ரிவால்வரின் காலம் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணெய் குறைவாகப் போதும். யோக்கின் தண்டுக்கு ஒரு துளி, ஹேமரின் பக்கத்துக்கு ஒரு துளி, வெளியே மெல்லிய பூச்சு. துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் பொது உபயோக ஸ்ப்ரேயை உள்ளே பீய்ச்சுவது பழைய பழக்கம். அது நாளடைவில் பிசுபிசுத்து வார்னிஷாக உறையும். ஏற்கெனவே அப்படி உறைந்து இயக்கம் மந்தமாக இருந்தால், கைப்பிடிப் பலகைகளைக் கழற்றிவிட்டு மற்றதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஹேமரைப் பலமுறை இயக்கி, வடியவிட்டுப் புதிதாக எண்ணெய் போட்டாலே பாதி சரியாகும். நிக்கல் பூச்சு உள்ளதற்கு அம்மோனியா கலந்த கரைப்பான் ஆகாது. பூச்சுக்கு அடியில் செம்பு இருந்தால் அதை அரித்து நிக்கலை உரித்துவிடும்.

மேல்துரு சிறிதாக இருந்தால் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, மிக நுண்ணிய எஃகுக் கம்பளியால் அழுத்தாமல் தேய்க்கலாம். அதற்கு மேல் போகாதீர்கள். பாலிஷ் பசை வேண்டவே வேண்டாம்.

மூடித் தகட்டைத் திறப்பது முதல் வருடத்தில் செய்ய வேண்டிய வேலை அல்ல. செய்தே தீருவேன் என்பவருக்கு: துப்பாக்கிக்கென்றே நுனி இணையாகச் சாணை பிடித்த திருப்புளி வேண்டும், சாதாரண ஆப்பு நுனி திருகாணித் தலையைக் கிழிக்கும். எந்தத் திருகாணி எந்தத் துளையிலிருந்து வந்தது என்று குறித்துவையுங்கள். யோக்கைப் பிடித்திருக்கும் முன் திருகாணி அந்த இடத்துக்கென்றே இழைக்கப்பட்டது. தகட்டின் இடுக்கில் எதையும் நுழைத்து நெம்பக் கூடாது. கைப்பிடிச் சட்டகத்தை மரப்பிடியால் மெல்லத் தட்டினால் அதிர்வில் தகடு தானே எழும். நெம்பியதன் வடு வாழ்நாள் முழுக்கத் தெரியும்.

ஈயம் உடம்புக்கு ஆகாது. கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள், சாப்பாட்டு மேசையில் செய்யாதீர்கள்.

சட்டமும் சேமிப்பும்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898 வரை செய்யப்பட்டவற்றைத்தான் பழம்பொருள் என்று தனியாக வைக்கிறது. மிலிட்டரி அண்ட் போலீஸ் தொடங்கியதே 1899 என்பதால் இதில் ஒன்றுகூட அந்தச் சலுகைக்குள் வராது. வேறு மாநிலத்தவரிடமிருந்து வாங்கினால் உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் கைமாற வேண்டும். 50 ஆண்டு கடந்தவற்றை நேரடியாகப் பெறச் சேகரிப்பாளர் உரிமம் உண்டு. மாநிலச் சட்டங்கள் இதற்கு மேலும் கூடுதலாக இருக்கும். இந்தியாவில் கணக்கே வேறு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். வீட்டுப் பெரியவரின் பெட்டியில் இப்படி ஒன்று கிடைத்தால் துடைக்கவோ விலை விசாரிக்கவோ உட்காராமல், தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு உரிமம் கிடைக்குமா என்று பிறகு பார்க்க வேண்டும்.

சேமித்து வைக்கும்போது தோலுறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட வேதிப்பொருள் எஃகை அரிக்கும். பழைய உறையோடு வாங்கினால் உறையைத் தனியாக வையுங்கள். வெளிப்பரப்பில் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்மெழுகை மெல்லத் தடவினால் விரல்ரேகைத் துரு பிடிக்காது. பூட்டுப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று, தோட்டாக்கள் வேறு பூட்டில். குளிர்காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்ததும் உலோகத்தில் நீர் வியர்க்கும், அது வற்றித் துடைத்த பிறகே பெட்டியை மூடுங்கள். கருப்பு ரப்பர் கைப்பிடி கொண்ட ஆரம்பகால ரிவால்வராக இருந்தால் வெயில் படும் அலமாரியும் ஆகாது. அந்த ரப்பர் பழுப்பேறி, தொட்டாலே விளிம்பு உடையும்.